விலை கேட்ட வண்டி

அந்தக் காரைச் செய்கிறவர்களைத் தவிர வேறு யாரும் அதை முழுதாகப் பார்த்ததில்லை. ஆனாலும் கொற்றங்குடி காலனித் தெருவில் அதைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஆள் கிடையாது. ஆர்டென்சோ என்ற கம்பெனியின் இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார். உடம்பின் வளைவு தெரியாமலிருக்க, கறுப்பும் வெள்ளையுமாகச் சுழி போட்ட தாளை மேலே ஒட்டி, வெயில் தாங்குகிறதா என்று ஓமன் பாலைவனத்தில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ தூரத்திலிருந்து எடுத்த மங்கலான படம் ஒன்று போனுக்குப் போன் வந்தது. சுழியைப் பார்த்த தெரு அதற்குக் கோலக்கார் என்று பேர் வைத்துவிட்டது.

அந்தக் காரைத் தெருவுக்குக் கொண்டுவந்தவன் தமிழரசன். நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறவன். தை, மாசியில் மூக்குக்குள்ளும் காதுக்குள்ளும் பதர் அப்பிக்கொண்டு வயல் வயலாகப் போவான். மற்ற மாதங்களில் வேலை கம்மி. அந்த நாட்களில் 'டெல்டா டார்க்' என்று யூடியூப் சேனல் நடத்தினான். இன்னும் வராத கார்களைப் பற்றி மட்டும்தான் பேசுவான். வந்துவிட்ட காரைப் பற்றிப் பேசினால் தப்பைப் பிடிக்க ஆயிரம் பேர் வருவார்கள். வராததைப் பற்றி எவன் என்ன சொல்ல முடியும் என்பது அவன் கணக்கு. கோலக்காருக்கு எட்டு சிலிண்டர் என்ஜினா, ஆறு சிலிண்டரோடு கரண்ட் மோட்டாரா? நம் நாட்டுக்கு வந்தால் விலை மூன்று கோடிக்கு மேலா, கீழா? இந்த இரண்டு கேள்வியையே அரைத்து வாரம் ஒரு வீடியோ போட்டான். பார்த்தவர்களில் பாதிப் பேர் வளைகுடாவில் லாரி ஓட்டுகிறவர்கள். மீதிப் பேர் சைக்கிளுக்குக் காற்றடிக்கக் கடன் சொல்கிறவர்கள். மூன்று கோடி என்றால் அநியாயம் என்று அவர்கள்தான் அதிகமாகச் சண்டை போட்டார்கள்.

தமிழரசனின் தம்பி சேரன் அந்தக் கார் ஓடுகிற இடத்திலேயே வேலை பார்த்தான். பாலிடெக்னிக் முடித்துவிட்டு, முத்துப்பேட்டை ஏஜெண்ட் ஷேக் பரீத் மூலமாக ஓமன் போனவன். சோதனையில் பழுதாகி நிற்கும் காரை ஏற்றி ஷெட்டுக்குக் கொண்டுவரும் லாரி அவன் பொறுப்பு. காருக்குப் பக்கத்தில் நிற்கலாம், படம் எடுக்கக் கூடாது, போன் கொண்டுபோகக் கூடாது. மீறினால் அன்றைக்கே ஊருக்கு டிக்கெட்.

சேரனின் மனைவி இசைவாணி ஊரில் இருந்தாள். அரிசி ஆலையில், கறுத்த அரிசியைப் பிரித்துத் தள்ளும் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அரசாங்கம் கட்டிக் கொடுத்த தொகுப்பு வீட்டை நடுவில் செங்கல் வைத்துப் பிரித்திருந்தார்கள். ஒரு பக்கம் தமிழரசன், ஒரு பக்கம் அவள். அவன் வீடியோவுக்குப் பேசுவது சுவரைத் தாண்டி அவளுக்குக் கேட்கும்.

ஒரு நாள் அவன் ஸ்பீக்கரில் போட்டுத் தம்பியிடம் பேசிக்கொண்டிருந்ததும் அப்படித்தான் கேட்டது.

"படம் வேணாம்டா. சத்தம் மட்டும். போனை சாக்ஸுக்குள்ள வெச்சிக்கிட்டு பக்கத்துல நில்லு, போதும். சத்தத்தக் கேட்டா எத்தனை சிலிண்டர்னு நான் சொல்லிருவேன்."

"மாட்டுனா நீயா சோறு போடுவ?" என்று சேரன் சிரித்தான்.

"இப்ப மட்டும் யாரு போடுறா? இசைவாணி ஆக்குற மீன்கொழம்புல பாதி என் தட்டுலதான் இருக்கு."

"அப்பன்னா அந்தப் பாதிய நிறுத்தச் சொல்றேன் இரு."

ஆனாலும் அனுப்பிவிட்டான். பெரிய மிருகம் ஒன்று தொண்டையைச் செருமி, பிறகு அடிவயிற்றிலிருந்து உறுமுகிற சத்தம். அதற்கு முன்னும் பின்னும் காற்று. வேறு ஒன்றும் இல்லை. தமிழரசன் அதைக் காதில் வைத்துக்கொண்டு தெருவெல்லாம் நடந்தான். எட்டா ஆறா என்று அவனால் சொல்ல முடியவில்லை. அறுவடை மெஷினில் உட்கார்ந்து உட்கார்ந்து அவனுக்கு வலது காது மந்தம். அதை அவன் யாரிடமும் ஒத்துக்கொள்வதில்லை.

அதனால்தான் வீரனாரிடம் போனான்.

வெண்ணாற்றுக் கரையில் தெருவுக்குச் சொந்தமான வீரனார் கோயில் இருந்தது. கூரை இல்லாத மேடை, ஒரு சூலம், இரண்டு மண் குதிரை. பூசாரி காத்தான், தமிழரசனுக்குச் சித்தப்பா முறை. மாட்டுச் சந்தையில் தரகு பார்த்தவர். சந்தை படுத்துவிட்ட பிறகு பூசையை எடுத்துக்கொண்டார். பெண்ணுக்கு இந்த வரனை முடிக்கலாமா, போர் போட்டால் தண்ணீர் வருமா என்று குழப்பமிருந்தால் தெருக்காரர்கள் அங்கே பூக்கட்டிப் பார்ப்பார்கள். செவ்வரளி ஒரு பொட்டலம், நந்தியாவட்டை ஒரு பொட்டலம். இலையில் ஒரே மாதிரி மடித்து மேடையில் போடுவார்கள். யார் பேரில் கேட்கிறோம் என்று சொல்லிவிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். எடுத்ததில் இருப்பது பதில். அதோடு முடியாது. எடுக்காமல் விட்டதையும் பிரித்து, இரண்டு பூவையும் ஓடுகிற தண்ணீரில் விட்டால்தான் சாமி கேள்வியை முடித்துக்கொள்ளும்.

தமிழரசன் போனைக் கம்பில் மாட்டி எல்லாவற்றையும் படம் பிடித்தான். ஆலை லீவு என்பதால் இசைவாணியையும் கூட்டிப் போயிருந்தான். பொட்டலம் எடுக்க யாராவது வேண்டும்.

"சின்னப் புள்ளைய எடுக்கச் சொல்றதுதான்டா வழக்கம்" என்றார் காத்தான்.

"புள்ளைங்கள்லாம் போன்ல கெடக்குதுங்க சித்தப்பா. இசைவாணி எடுக்கட்டும். எட்டு சிலிண்டர்னா செவப்பு. ஆறுன்னா வெள்ளை."

"சாமிக்கு சிலிண்டருன்னா கேஸ் சிலிண்டருதான் தெரியும்" என்று முணுமுணுத்துக்கொண்டே காத்தான் மடித்தார்.

இசைவாணி எடுத்தாள். சிவப்பு. மற்றதையும் பிரித்தார்கள். மேடையை ஒட்டித் துரைராசுவின் பருத்தி வயல். ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லாத வைகாசி அது. மேட்டூர் திறக்க இன்னும் நாளிருந்தது. ஆனால் துரைராசுவின் போர் ஓடிக்கொண்டிருந்தது. வாய்க்காலில் இரண்டு பூவும் மிதந்து போயின.

"இப்ப விலை" என்றான் தமிழரசன்.

காத்தான் இலையைக் கீழே வைத்துவிட்டார்.

"அது வேணாம்."

"ஏன்?"

"சந்தையில பார்த்ததில்ல நீ? துண்டுக்கு அடியில கைய விட்டு விலை கேட்டுட்டான்னா அவன் வேடிக்கை பாக்க வந்தவன் இல்ல. வாங்க வந்தவன். விலை படிஞ்சா மாட்டைப் புடிச்சிட்டுப் போவணும், படியலன்னா சொல்லிட்டுக் கைய எடுக்கணும். சாமி முன்னாடி ஒரு பொருளுக்கு விலை கேக்குறது சாதாரணம் இல்லடா."

"மூணு கோடி ரூவா வண்டிய வீரனாரு யாருக்கு விக்கப் போறாரு? குதிரைய மாத்தலாம்னு பாக்குறாரோ என்னமோ." தமிழரசன் போனைப் பார்த்துச் சொல்லிவிட்டுச் சிரித்தான். "சும்மா மடிங்க சித்தப்பா. உங்க மூஞ்சியத்தான் வெளிநாட்டுல எல்லாரும் பாக்குறாங்க."

காத்தானுக்கும் அந்தச் சபலம் இருந்தது. மடித்தார்.

"யாரு பேருல?"

"சேரன் பேருல. அவன்தானே வண்டிகிட்ட நிக்கிறான்."

இசைவாணி எடுத்தாள். மறுபடி சிவப்பு. மூன்று கோடிக்கு மேல். அந்தப் பூவை வாய்க்காலில் விட்டுவிட்டு, மற்றப் பொட்டலத்தைப் பிரிக்கக் காத்தான் கையை நீட்டினார். தமிழரசன் அதற்குள் அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"இத லான்ச் அன்னிக்கி லைவ்ல பிரிக்கிறேன். அதுவரைக்கும் எல்லாரும் காத்துக்கிட்டு இருக்கட்டும்."

"பிரிச்சி விட்டுட்டுப் போடா."

"உள்ள வெள்ளைதான் இருக்குன்னு தெரியும். ஓடியா போவப் போவுது?"

அவன் பொட்டலத்தைப் பைக் சீட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டினான். மூவரும் வீட்டுக்கு வந்தார்கள். அன்றைக்குப் பொழுது சாயும்போது சேரனுக்கு இசைவாணி போட்ட மெசேஜ் போய்ச் சேரவில்லை. ஒற்றை டிக் மட்டும் விழுந்தது.

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

சேரனின் போன் மாட்டிக்கொண்டது என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். சாக்ஸுக்குள் வைத்த போன் பிடிபட்டிருக்கும், வேலை போயிருக்கும், சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு எங்காவது கிடப்பான். அது கெட்ட சேதிதான், ஆனால் தாங்கக்கூடிய கெட்ட சேதி. ஆலையில் அவள் மெஷினுக்கு முன்னால் நின்றபடி ஒரு கண்ணை போனில் வைத்திருந்தாள். பன்னிரண்டு மணிக்கு ஆலைச் சங்கு ஊதியது. அப்போது சேரனின் பேருக்குக் கீழே 'ஆன்லைன்' என்று வந்தது. அவள் கூப்பிட்டாள். மணி போகவில்லை. சங்கு ஓய்ந்ததும் அந்த எழுத்தும் போய்விட்டது. மெசேஜ்களுக்கெல்லாம் அதே ஒற்றை டிக்.

அடுத்த நாளும் சங்கு ஊதும்போது மட்டும் வந்தது.

இதற்கிடையில் கோலக்காரின் என்ஜின் எட்டு சிலிண்டர்தான் என்று கம்பெனியே ஒரு சின்ன வீடியோவில் காட்டிவிட்டது. வீரனார் சொன்னது சரி. தமிழரசனின் பூக்கட்டும் வீடியோ எங்கெங்கோ போய்ச் சேர்ந்தது. சாமிக்கு என்ஜின் தெரிந்திருக்கிறதே என்று இந்திக்காரர்கள்கூடக் கேட்டார்கள். விலையும் சரியாக இருக்குமா, அந்த ரெண்டாவது பொட்டலத்தை எப்போது பிரிப்பீர்கள் என்று ஆள் மாற்றி ஆள் எழுதினார்கள். அவன் சாப்பிடும்போதும் போனைக் கீழே வைக்கவில்லை.

"மாமா, அவர்கிட்ட இருந்து பேச்சே இல்ல" என்றாள் இசைவாணி.

"லான்ச் நெருங்குதுல்ல. எல்லாரையும் உள்ளேயே அடைச்சி வெச்சிருப்பானுங்க. ரகசியம் வெளிய போயிரக் கூடாதுன்னு."

"ரகசியத்தை வெளிய அனுப்பச் சொன்னது யாரு?"

அவன் போனில் அடுத்த கமெண்ட்டைப் படிக்கப் போய்விட்டான்.

அவள் ஆலைக்கு லீவு போட்டுவிட்டு முத்துப்பேட்டைக்குப் பஸ் ஏறினாள். ஷேக் பரீத் நல்ல மனுஷன். ஆள் அனுப்பியதோடு கை கழுவுகிறவர் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, சர்பத் வாங்கி வைத்துவிட்டு, அவள் எதிரிலேயே ஓமனுக்குப் பேசினார். கம்பெனி ஆபீசில் யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஷெட்டுக்குச் சமைத்துப் போடும் மலையாளத்துக்காரர் ஒருவர் கிடைத்தார். அவர் சொல்லச் சொல்ல ஷேக் பரீத்தின் முகம் மாறியது. போனை மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

"என்ன பாய், சொல்லுங்க. எதுவானாலும் சொல்லுங்க."

"எனக்கே புரியல தங்கச்சி. அன்னிக்கி மத்தியானம் வண்டி ஓட்டுற வெள்ளைக்காரனுக்கு வெயில்ல மயக்கம் போட்டுருச்சாம். சேரன்தான் அவனை எறக்கிப் படுக்க வெச்சிருக்கான். வண்டிய ஒரு சுத்து சுத்தி ஷெட்ல கொண்டாந்து விடுன்னு சொல்லியிருக்காங்க. ஏறிப் போனவன் வரல."

"விழுந்துட்டாரா? வண்டி கவுந்துருச்சா?"

"கவுந்தா கெடக்கணுமே. ஹெலிகாப்டர்லயும் தேடிட்டாங்களாம். ஒண்ணும் இல்ல. ஆனா…" அவர் குரலைத் தாழ்த்தினார். "சத்தம் கேக்குதாம் தங்கச்சி. தினம் சுத்துற சத்தம் கேக்குது, வண்டி கண்ணுல படலன்றான் அந்தச் சமையக்காரன். அங்க இருக்குறவங்க பயந்துபோய் வெளிய சொல்லாம இருக்காங்க. அவன் குடிக்கிற ஆளும் இல்ல."

இசைவாணி சர்பத்தைத் தொடாமல் எழுந்தாள்.

பஸ்ஸை விட்டு இறங்கி ஆற்றங்கரை வழியாக வந்தபோது துரைராசு மதகடியில் நின்றிருந்தார். அவருடைய ஆடுகள் வறண்ட ஆற்றுக்குள் மேயும். அவர் அவளைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"ஏம்மா, உங்க மூத்தாரு படம் புடிக்கிறேன்னு ஆத்துக்குள்ள எவன் காரையாச்சும் எறக்குனானா? மணலெல்லாம் தடமா கெடக்கு."

அவள் இறங்கிப் பார்த்தாள். அகலமான இரண்டு டயர் தடம். மணல் திருடும் டிராக்டர் தடம் அவளுக்குத் தெரியும். இது அது இல்லை. வழவழவென்று, ஓரம் கலையாமல், நேராக ஓடியது. மேற்கே பார்த்தால் அது தொடங்கும் இடத்தில் கரையிலிருந்து இறங்கின அடையாளம் இல்லை. வெறும் மணலில் பிறந்து, மதகின் கண்ணுக்குள் நுழைந்து, அந்தப் பக்கம் வெறும் மணலில் அறுந்துபோனது.

"சத்தம் கேட்டுதா?" என்றாள்.

"மத்தியானச் சங்கு ஊதறப்ப என்னமோ கேட்டுச்சு. ஆலையிலதான் புது மெஷின் போட்டிருக்கீங்கன்னு நெனச்சேன்."

தடத்தில் கை வைத்துப் பார்த்தாள். சுற்றிலும் மணல் பொழுதுசாயும் வேளையின் சூட்டில் இருந்தது. தடம் மட்டும் அடுப்பில் இருந்து இறக்கின சட்டி மாதிரிச் சுட்டது.

அவள் நேரே காத்தானிடம் போனாள். அவர் வீட்டு வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கயிறு கையிலேயே நின்றுவிட்டது.

"மறு பொட்டலம் எங்க?"

"மாமா பைக்குல இருக்கு."

"இன்னும் பிரிக்கலியா அந்த நாயி?" அவர் எழுந்து துண்டை உதறினார். "துண்டுக்கு அடியில கைய விட்டவன் உம் புருசன். விலை கேட்டாச்சு. படிஞ்சுதுன்னும் சொல்லல, படியலன்னும் சொல்லல. கைய எடுக்காம நிக்கிறான்மா அவன். நிக்க வெச்சது நாம மூணு பேரும்."

"நான் என்ன பண்ணணும் சின்ன மாமா?"

"வெள்ளைப் பூவையும் பிரிச்சு, விலை படியலன்னு சொல்லி, ஓடுற தண்ணியில விடணும். எடுத்துப் பையில போட்டுக்கிட்டவன் தமிழரசன், இனிமே அவன்தான் பிரிக்கணும். நானோ நீயோ பிரிச்சா செல்லாது."

மறுநாள் காலையில் இருவரும் தமிழரசன் எதிரில் போய் நின்றார்கள். அவன் தாடியை மழித்துப் புதுச்சட்டை போட்டிருந்தான். வெள்ளிக்கிழமை லான்ச். சென்னையில் இருந்து ஒரு பெரிய சேனல் அவனோடு சேர்ந்து லைவ் செய்யக் கேட்டிருந்தது.

"ரெண்டு நாளு பொறுத்துக்கங்க. வெள்ளிக்கிழமை பிரிச்சிடுறேன். பிரிச்சு, கொண்டாந்து, நீங்க சொல்ற தண்ணியிலயே விடுறேன்."

"ரெண்டு நாளு வெயில்ல அவர் சுத்திக்கிட்டு இருக்கணுமா?" என்றாள் இசைவாணி.

"சுத்துறான்னு யாரு சொன்னா? ஒரு சமையக்காரன். இந்தாம்மா, நானும் அவனுக்கு அண்ணன்தான். எனக்கு மட்டும் வலிக்காதா? ஆனா பூவப் பிரிக்காததால ஒருத்தன் காணாமப் போவான்னு சொல்றீங்களே, அதைக் கேட்டா எவன் நம்புவான்?"

"பூ சொல்லித்தான் எட்டு சிலிண்டருன்னு நம்புனாங்கல்ல?" என்றார் காத்தான். "அதுக்கு மட்டும் சாமி வேணும்?"

தமிழரசன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வருஷா வருஷம் மெஷினில் குலுங்கிக் குலுங்கி முதுகு போனவன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவனை யாரோ காத்திருந்து பார்க்கிறார்கள். அது அவனுக்கு விடக்கூடிய பொருளாக இல்லை. இசைவாணிக்கு அது புரிந்தது. புரிந்ததால் கோபம் குறையவில்லை.

"அவர் அனுப்புன சத்தம் உங்ககிட்ட இருக்குல்ல. அதைப் போடுங்க" என்றாள்.

"அதை ஆயிரம் வாட்டி கேட்டாச்சு."

"எந்தக் காதுல வெச்சிக் கேட்டீங்க? இடது காதுல வெச்சிக் கேளுங்க."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். பிறகு போனை எடுத்து, இடது காதுப் பக்கம் பிடித்து அந்தச் சத்தத்தைப் போட்டான்.

காற்று. தொண்டையைச் செருமும் சத்தம். உறுமல். முன்பு அந்த இடத்தில் முடிந்துவிடும். இப்போது முடியவில்லை. உறுமல் நீண்டுகொண்டே போனது. அதற்குள் ஆலைச் சங்கு ஊதியது. இசைவாணி ஆறு வருஷமாகக் கேட்கும் சங்கு, முடியும்போது கொஞ்சம் பிசிறுகிற அதே சங்கு. பாலைவனத்தில் எடுத்த சத்தத்துக்குள்ளே அது ஊதி அடங்கியது. அதன்பின் சேரனின் குரல், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து பேசுவது போல.

"அண்ணே, விலை முடிஞ்சுதா? எறங்கலாமா?"

போன் தமிழரசன் கையிலிருந்து விழுந்தது. அவன் குனிந்து எடுக்கவில்லை. பைக் சாவியைத் தேடினான். சாவி அவன் கையிலேயே இருந்தது.

பொட்டலம் சீட்டுக்கு அடியில் ரெஞ்சுக்கும் எண்ணெய்த் துணிக்கும் நடுவே கிடந்தது. இலை காய்ந்து சருகாகியிருந்தது. மூவரும் கோயிலுக்குப் போனார்கள். வாய்க்கால் காய்ந்து கிடந்தது. துரைராசு போர் ஷெட்டின் நிழலில் குந்தியிருந்தார்.

"மோட்டாரப் போடுங்கண்ணே" என்றான் தமிழரசன்.

"த்ரீ ஃபேஸ் கரண்டு மத்தியானந்தான்டா விடுவான். இப்பப் போட்டா மோட்டாரு கருகிப்போவும்."

"குடத்துத் தண்ணிய ஊத்துனா?"

"அது கொட்டுற தண்ணி, ஓடுற தண்ணி இல்ல" என்றார் காத்தான்.

உட்கார்ந்திருந்தார்கள். பருத்தி இலை வெயிலில் தொங்கியது. தமிழரசன் பொட்டலத்தை இரண்டு கையிலும் பிடித்திருந்தான், குஞ்சைப் பிடித்திருக்கிற மாதிரி. ஆற்றுக்குள் ஆடுகள் கோரையைக் கடிக்கிற சத்தம் கரை வரைக்கும் கேட்டது. இசைவாணி போனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மத்தியானக் கரண்ட் வந்து ஸ்டார்ட்டர் பெட்டியில் மூன்று விளக்கும் எரிந்தன. துரைராசு பொத்தானை அழுத்தினார். குழாய் இருமி, சேற்று நிறத்தில் துப்பி, பிறகு வெள்ளையாகக் கொட்டியது. வாய்க்காலில் தண்ணீரின் மூக்கு சருகைத் தள்ளிக்கொண்டு நகர்ந்தது.

"பிரி" என்றார் காத்தான்.

சருகான இலை விரல் பட்டதும் பொடிந்தது. உள்ளே நந்தியாவட்டைப் பூ, இப்போதுதான் செடியிலிருந்து கிள்ளியது போல, காம்பில் பால் துளிர்த்துக்கொண்டு இருந்தது. ஒரு இதழ்கூட வாடவில்லை. வைகாசி வெயிலில், சூடேறிய பைக் சீட்டுக்கு அடியில் அத்தனை நாள் கிடந்த பூ.

"சொல்லிட்டு விடு. பேரைச் சொல்லு."

"சேரனுக்கு அந்த வண்டி வேணாம். விலை படியல" என்றான். இன்னொரு தடவை சொன்னான். பூவை விட்டான். கைக்குக் கீழே அது ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு தண்ணீரோடு போனது. போகப் போகவே அதன் விளிம்பு பழுப்பேறிச் சுருங்குவது தெரிந்தது.

ஆலைச் சங்கு ஊதியது. இசைவாணியின் போன் அடித்தது.

"இசை, எடுத்துட்டியா? சீக்கிரம் பேசு, ஷெட்டு வந்துரும்." சேரன் குரல் குஷியாக இருந்தது. பின்னால் அந்த உறுமல். "நான் எதுக்குள்ள உக்காந்திருக்கேன் சொல்லு பார்ப்போம்."

"எப்ப ஏறினீங்க?" என்றாள். தன் குரல் நிதானமாக இருப்பது அவளுக்கே வியப்பாக இருந்தது.

"இப்பதான். வெள்ளைக்காரன் மயங்கிட்டான். ஒரு சுத்துதான். ஆமா, காலையில பல்லு வலிக்குதுன்னியே, கிராம்பு வெச்சியா?"

அந்தப் பல்லைப் பிடுங்கிப் புண்ணும் ஆறிவிட்டது. அவள் நாக்கு அந்தக் காலி இடத்தைத் தொட்டது.

"வெச்சேன். இப்ப என்ன தெரியுது உங்களுக்கு?"

"மணல்தான். வேற என்ன இருக்கு இங்க." உறுமல் கொஞ்சம் தணிந்தது. "இல்ல இரு. ரெண்டு பக்கமும் கரை மாதிரி இருக்கு. பச்சையா… கோரை. ஆடு மேயுது இசை. இங்க ஏது ஆடு?"

அவள் கரைமேல் ஓடினாள். மற்றவர்களும் பின்னால் ஓடி வந்தார்கள். ஆறு காலியாகக் கிடந்தது. மேற்கிலிருந்து கிழக்கு வரை வெள்ளை மணல், அதன்மேல் ஆடும் கானல். சத்தம் போனுக்குள்ளே மட்டும்தான். ஆனால் ஆடுகள் மேய்வதை நிறுத்தியிருந்தன. எல்லா ஆடும் மேற்கே பார்த்துத் தலையைத் தூக்கி நின்றன. பிறகு எல்லாத் தலையும் ஒன்றாக, மெதுவாகத் திரும்பத் தொடங்கின, எதிரில் வருகிற ஒன்றைப் பார்வையால் தொடர்வது போல.

"நிறுத்துங்க வண்டிய."

"மிதிச்சா கொறையுது, நிக்க மாட்டேங்குது. முன்னாடி ஒரு மதகு தெரியுது. நம்ம மதகு மாதிரியே…" அவன் குரலில் முதல் தடவையாகப் பயம் வந்தது. "இசை, இது என்ன எடம்?"

"கதவத் தெறங்க. குதிங்க."

"பைத்தியமா? மூணு கோடி வண்டி, எவன் பதில் சொல்றது?"

"மதகுக்கு முன்னாடி குதிங்க. கீழ மணல்தான், ஒண்ணும் ஆவாது. நான் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். எறங்குடா!"

புருஷனை அவள் 'டா' போட்டது அதுதான் முதல் தடவை. போனில் கதவு திறக்கிற சத்தம், அடித்துக்கொண்டு வரும் காற்று, பிறகு மூட்டை விழுவது போல ஒன்று. உறுமல் போனுக்குள் அறுந்தது.

அறுந்த அதே நொடியில் அது ஆற்றுக்குள் கேட்டது. அவர்கள் காலடியில் கரை அதிர்ந்தது. மணல் இரண்டு கோடாகப் பிளந்து நால்வருக்கும் எதிரே கிழக்கே ஓடியது. ஆடுகள் சிதறின. புழுதிக்குள் எதுவும் இல்லை. மதகின் நடுக்கண்ணுக்குள் சத்தம் நுழைந்து, இரண்டு மடங்காகி, அந்தப் பக்கம் வெளியேறி, கடல் இருக்கிற திசையில் போய்க்கொண்டே இருந்தது. தமிழரசன் வலது காதைப் பொத்திக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டான்.

போனில் மூச்சு வாங்கியது.

"இசை."

"சொல்லுங்க."

"கீழ விழுந்து கெடக்கேன். முட்டி போயிருச்சு. ஷெட்டு தெரியுது. ஆளுங்க ஓடி வர்றாங்க. ஏன் இப்படி அழுதுக்கிட்டு வர்றானுங்கன்னு தெரியல." அவன் முனகிக்கொண்டு எழுந்து உட்காருவது கேட்டது. "வண்டியக் காணும் இசை. வண்டி எங்கன்னு கேப்பானுங்களே, என்ன சொல்லட்டும்?"

"மொதல்ல தண்ணி வாங்கிக் குடிங்க" என்றாள் இசைவாணி. "நெறைய குடிங்க. கேக்குறவன் அப்பறம் கேக்கட்டும்."

அவன் யாரிடமோ தண்ணீர் கேட்பதும், குடிக்கிற சத்தமும் கேட்டன. அது தீரும்வரை அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. துரைராசு ஆடுகளைத் தேடிக் கோரைக்குள் இறங்கிவிட்டார். கிழக்கே சத்தம் தேய்ந்துவிட்டதா, இன்னும் இருக்கிறதா என்று காத்தான் கையைக் காதுக்குக் குவித்துக் கேட்டுக்கொண்டே நின்றார்.